நண்டுக்கு உப்பு

கைகா,
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரபா எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் சுகம். அங்கே நீ, அண்ணி, உன் சர்க்கரை, மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் போனில் நீ கத்திய கத்தலில் அண்ணி போனைப் பிடுங்கி, "இனிமே அண்ணனும் தங்கச்சியும் நெலத்தப் பத்தி போன்ல பேசக் கூடாது. எதுனா சொல்லணும்னா கடுதாசி எழுதுங்க, எழுதி முடிக்கறதுக்குள்ள கோவம் ஆறிடும்" என்றார்களே, யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. உன் குரலைக் கேட்டால் எனக்கும் சண்டை போடத்தான் தோன்றுகிறது.

நான் சொல்ல வந்ததை அன்றைக்கு நீ முழுதாகக் கேட்கவே இல்லை. என் பங்கு ஒரு ஏக்கரை அப்பா பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து நீதான் பயிர் வைக்கிறாய். பக்கத்து அணுபுரத்தில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து வரப்பில் நடந்துவிட்டுப் போவேன். இவருக்குக் கர்நாடகத்துக்கு மாற்றல் ஆனபிறகு அதுவும் இல்லை. உரமும் மருந்தும் போக அந்த நிலத்தில் என்ன நிற்கிறது, விற்றுவிட்டுக் கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட் வாங்கலாம் என்கிறார் இவர். உரமும் மருந்தும் இல்லாமலே விளையும் என்றேன். "சரி, காட்டு" என்றார். ஒரே ஒரு சம்பா பட்டம் தவணை. பதினைந்து மூட்டை வந்தால் நிலம் நம்முடையது. குறைந்தால் தை மாதம் விற்பனை.

எனக்காக நீ அதைச் செய்ய வேண்டும். உரக்கடைக்காரனிடம் இதைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் தங்கை,
பிரபா

புதுப்பட்டினம்,
19 ஜூன் 2024

பாசமுள்ள பிரபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சர்க்கரை மட்டும் என்னைவிட நன்றாக இருக்கிறது.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். எனக்குப் பின்னால் யூரியா மூட்டை அடுக்கியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். நாளைக்குக் கடைக்கு வருகிறவன், "இன்னா மோகன், உன் தங்கச்சி கழனிக்கே போடல, எனக்கு மட்டும் எதுக்கு விக்கற?" என்று கேட்டால் நான் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்?

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அப்பா காலத்தில் அதே ஏக்கரில் பத்து மூட்டை வந்தால் பெரிய விஷயம். நான் இருபத்தாறு எடுக்கிறேன். இந்த மூட்டைகளைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத்தான் திட்டுகிறார்கள். களை எடுக்க இன்றைக்கு ஆள் எங்கே இருக்கிறது? நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து முனியம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவர வேண்டும்.

இருந்தாலும் செய்கிறேன். என் வாய்க்கால் உன் நிலத்து வழியாகப் போகிறது என்பதற்காக இல்லை. குழாய் பதித்துக்கொள்ள எனக்குத் தெரியும். அந்த நிலமும் போய்விட்டால் நீ இந்தப் பக்கம் எதற்காக வருவாய்? அண்ணனைப் பார்க்க மட்டும் யாரும் ஆயிரம் கிலோமீட்டர் வருவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
மோகன்

கைகா,
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காய்ந்து ஒன்பது நாள் ஆகிறது. மற்றபடி குறை இல்லை. அண்ணிக்கு முட்டிவலி எப்படி என்று அவசியம் எழுது.

நீ செய்கிறேன் என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த ஆயிரம் கிலோமீட்டர் வரியை மட்டும் படிக்காத மாதிரி வைத்துக்கொள்கிறேன். படித்தேன் என்றால் அழ வேண்டியிருக்கும்.

முதலில் மண்ணுக்கு உரமாகும் தக்கைப்பூண்டை விதை. ஒன்றரை மாதத்தில் இடுப்பு உயரம் வரும், பூக்கும்போது அப்படியே மடக்கி உழுதுவிடு. விதைநெல் மாப்பிள்ளைச் சம்பா. மதுராந்தகம் பக்கம் ஒருவர் தருகிறார், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு பெரிய டிரம்மில் நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், உளுந்து மாவு, வரப்பு மண் ஒரு பிடி, தண்ணீர். தினமும் காலையும் மாலையும் கலக்க வேண்டும். முனியம்மாவுக்கு எல்லாம் போனில் சொல்லிவிட்டேன். அவளோடு பேச அண்ணி தடை போடவில்லை.

நாடு பசியில்லாமல் இருப்பது உன் மூட்டைகளால்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டாய்? இரண்டு. போன வருஷம்? நான்கு. விளைச்சல் மட்டும் அதே இருபத்தாறு. அந்த மண்ணை நீ குடிகாரனாக்கி வைத்திருக்கிறாய் அண்ணா. நேற்றைக்கு விட இன்றைக்குக் கூடக் கேட்கிறது.

கோபித்துக்கொள்ளாதே.
பிரபா

புதுப்பட்டினம்,
12 அக்டோபர் 2024

அன்புத் தங்கை பிரபாவுக்கு,

எல்லோரும் நலம். அண்ணியின் முட்டி மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது.

இத்தனை நாள் எழுதாததற்கு உன் டிரம்தான் காரணம். அந்த வாடையில் எழுதுகிற மனநிலை யாருக்கு வரும்? காலையில் கலக்கிவிட்டுக் கடைக்கு வந்தால், வருகிறவர்கள் மூட்டையை மோந்து பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு நாள் விடவில்லை. தக்கைப்பூண்டை மடக்கி உழுதோம். செப்டம்பர் பதினைந்தாம் தேதி நடவு. ஒற்றை ஒற்றை நாற்றாக நட வேண்டும் என்று நீ சொன்னதைக் கேட்டு முனியம்மா, "சோறு போடும்போதும் ஒரு பருக்கதான் வெக்குமா உன் தங்கச்சி?" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயிர் மஞ்சளாக நிற்கிறது. லேசான மஞ்சள் இல்லை. அரிசியில் கல் கிடந்தால் தெரிகிற மாதிரி, என் பச்சைக்கு நடுவில் உன் ஏக்கர் தெரிகிறது. ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் துக்கம் விசாரிக்கிறான்.

நான் ஆயிரம் கழனி பார்த்தவன். இப்படி விட்டால் ஆறு மூட்டை தேறாது. அரை மூட்டை யூரியா, ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. நிலம் தங்கும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன் மோகன்

கைகா,
18 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

கூடாது.

கோபமாக எழுதவில்லை, நலம் விசாரிக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நலம்.

மடக்கி உழுத தக்கைப்பூண்டும் பழைய நெல்தாளும் மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருக்கிறது. மக்குகிறவரை அது பயிரின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும், மக்கி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் பொறு. டிரம்மில் இருப்பதைப் பாய்ச்சும் தண்ணீரோடு விடு. முதல் வருஷம் கொஞ்சம் தடுமாறும். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொன்னால் மனுஷனுக்கே கை நடுங்குகிறதே.

உனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் ஒரு மாத்திரை சொன்னால் நீ இரண்டு கொடுக்கலாமா என்று கேட்பாய். பயிரைப் பார்க்காதே. நாலு நாள் அந்தப் பக்கம் போகாமல் இரு.

என்னை நம்பு.
பிரபா

புதுப்பட்டினம்,
20 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ அனுப்பிய முந்திரி வந்து சேர்ந்தது, அண்ணி எனக்குக் கண்ணில் மட்டும் காட்டினாள்.

பயிர் நன்றாக இருக்கிறது. நல்ல கரும்பச்சை. முனியம்மாவின் தோள் உயரம் வந்துவிட்டது. அண்ணி போட்டோ அனுப்பியிருப்பாள், பார்த்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. ஏரி முக்கால் நிரம்பிவிட்டது. இங்கே மீன் மலிவு. வஞ்சிரம் வாங்கும்போதெல்லாம் உன் ஞாபகம். செல்லம்மா பெரியம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது தெருவில் போகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கடையில் பழைய கதவை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டேன். மழைக்கு முன்னால் போட்டது நல்லதாகப் போயிற்று.

கடையில் ஆள் நிற்கிறது. பிறகு எழுதுகிறேன்.
மோகன்

கைகா,
27 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதமும் அண்ணியின் போட்டோவும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வாரம் இரட்டிப்பு சுகம் என்றே வைத்துக்கொள்.

போட்டோவை இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். அணுமின் நிலையத்து இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருபத்தைந்து வருஷம் மீட்டர் பார்த்த கண், சுலபத்தில் ஒன்றை நம்பாது. "பரவால்லியே, உன் அண்ணன் கழனிய விடப் பச்சையா கீதே" என்றார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் ஜெயித்தது இது இரண்டாம் தடவை. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

முனியம்மா போன் செய்திருந்தாள். கழனியில் நண்டுத் தொல்லை அதிகமா அண்ணா? நீ நண்டுக்கு உப்பு போட்டதாகச் சொன்னாள். உப்புக்கு நண்டு போகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.
பிரபா

புதுப்பட்டினம்,
4 டிசம்பர் 2024

அன்புள்ள பிரபாவுக்கு,

நாங்கள் உயிரோடு நலமாக இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீ டிவி பார்த்துப் பயந்திருப்பாய்.

சனிக்கிழமை அடித்த புயல் கடையில் ஷட்டரை மட்டும் கொஞ்சம் நெளித்தது. என் கழனியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, குட்டை நெல், தாங்கிக்கொண்டது.

உன் பயிர் விழுந்துவிட்டது. பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. பால் பிடிக்கிற சமயம். கதிரெல்லாம் தண்ணீரில். நானும் முனியம்மாவும் நாலைந்து தூராகச் சேர்த்துக் கட்டி நிறுத்திப் பார்த்தோம். ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் சாய்கிறது. ஏழெட்டு மூட்டை வந்தால் அதிகம், அதிலும் பாதி பதர்.

காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும்? மாப்பிள்ளையிடம் அப்படியே சொல்.
மோகன்

கைகா,
14 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம் என்று அறிந்து நிம்மதி. நாங்களும் நலம்.

இவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவர் கழனில நெல்லு நிக்குது, உன்னுது விழுந்துச்சு. காத்து ஒண்ணுதான?" என்றார். பேசிய பேச்சுப்படி தை மாதம் வருகிறோம். வாங்குகிறவர் வாய்க்காலுக்கு வழி விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம்ம மண்ணுக்கு இது ஒத்துவரவில்லை போலிருக்கிறது. நீ சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொள்.

முனியம்மாவுக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.
பிரபா

புதுப்பட்டினம்,
21 டிசம்பர் 2024

என் தங்கை பிரபாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டேன். நான் சொன்னதுதான் சரி என்று நீ பிறந்ததிலிருந்து எழுதியதில்லை. அதைப் படித்ததும் சந்தோஷப்பட வேண்டியவன் நான்.

அது உப்பு இல்லை பிரபா. யூரியா.

உன் "கூடாது" அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. இருபத்துநான்காம் தேதி போட்டேன். முனியம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து அரை மூட்டையை அன்னக்கூடையில் கொட்டிக்கொண்டு இறங்கினேன். வடக்கு ஓரம் ஐந்து சென்ட் பாக்கி இருக்கும்போது அவள் வந்துவிட்டாள். "இன்னா அண்ணாத்த வீசிகினு கீற?" என்றாள். வாயில் வந்தது, நண்டுக்கு உப்பு என்றேன். "நண்டுக்கு உப்பா? நாளைக்கு நத்தைக்கு மொளகாத்தூள் போடுவியா?" என்று சிரித்தாள். இருபத்தாறு வருஷம் யூரியா விற்றவன், கையில் யூரியாவோடு திருடன் மாதிரி நின்றேன். பச்சை ஏறியதைப் பார்த்த ஆசையில் பத்து நாள் கழித்து இன்னொரு அரை மூட்டை. அன்றைக்கும் அவள் அந்த ஓரத்தில்தான் களை பறித்துக்கொண்டிருந்தாள். அதனால் அந்த ஐந்து சென்ட் மட்டும் இரண்டு தடவையும் தப்பித்தது.

நவம்பர் முதல் வாரம் அந்த ஓரமும் தானாகப் பச்சையானது. நீ சொன்ன கணக்குக்கு ஒரு நாள் முன்னே பின்னே. என் பச்சை கறுத்துக் கொழுத்து நின்றது, அது இளம்பச்சையாக, அளவாக நின்றது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஷட்டரைப் பற்றி எழுதினேன்.

புயலில் விழுந்ததெல்லாம் நான் உரம் போட்ட இடம். அது உயர நெல், அதற்கு யூரியா கொடுத்தால் தண்டு நீண்டு, சதை வைத்து, பலம் இல்லாமல் போகும். இதை எத்தனையோ பேருக்குக் கடையில் நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். உன் மஞ்சளைப் பார்த்த பயத்தில் எனக்கே மறந்துபோயிற்று. வடக்கு ஓரம் சாய்ந்துதான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது. போன கடிதத்தில் அதை எழுதவில்லை. எழுதினால் மற்றதையும் எழுத வேண்டுமே.

விழுந்தது உன் முறை இல்லை. உன் அண்ணன். இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. கடையில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்தால் தெரியட்டும். நிலத்தை விற்க வேண்டும் என்றால் வேறு காரணம் சொல்லி விற்கட்டும்.

மன்னிப்பெல்லாம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.
மோகன்

கைகா,
2 ஜனவரி 2025

என் அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கும் அண்ணிக்கும் நல்லபடியாக இருக்கட்டும். நாங்கள் நலம். இனிமேல் பொய் இல்லாமல் நலம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முனியம்மா நண்டு, உப்பு என்று சிரித்துக்கொண்டே சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உரக்கடைக்காரன் தங்கச்சி, எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்குள் போட்டோவைக் காட்டிவிட்டேன், பாயசமும் வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நிலம் போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். உன் பச்சையை வைத்து நான் ஜெயிக்கப் பார்த்தேன். பயிர் விழுந்ததும் உன்னைக் காட்டிக் கொடுக்கவும் முடியவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. நீயாக எழுதமாட்டாயா என்றுதான் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை இவரிடம் நானே படித்துக் காட்டினேன். என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். இவர் ஒரு காகிதம் எடுத்துக் கட்டம் போட்டு, "ஒரே கழனி, ஒரே விதை, ஒரே காத்து. ஒரு பக்கம் உரம் போட்டுது, ஒரு பக்கம் போடாதது. நாங்க ஆபீஸ்ல சோதனை பண்றதுன்னா இப்படித்தான் பண்ணுவோம். உன் அண்ணன் தெரியாம பண்ணிட்டாரு" என்றார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்த ஐந்து சென்ட்டைத் தனியாக அறுத்து, தனியாகத் தூற்றி, எடை போட்டுச் சொல்ல வேண்டும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பதினைந்து வந்தால் வாங்குகிறவரிடம் இல்லை என்று சொல்லிவிடுவாராம். எடை போடும்போது முனியம்மா பக்கத்தில் நிற்க வேண்டுமாம். உன்னை மட்டும் நம்ப மாட்டாராம்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இரண்டு மாத்திரை கொடுக்கிற கை அது.
உன் பிரபா

புதுப்பட்டினம்,
1 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை பிரபாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இங்கே அனைவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

விழுந்ததில் ஏழு மூட்டை. வடக்கு ஓரத்தைத் தனியாக அறுத்தோம். முனியம்மா, நீ அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி தராசுப் பக்கத்தில் நின்றாள். அறுபத்திரண்டு கிலோ. எழுபத்தைந்து கிலோ மூட்டைக் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறரை மூட்டை. இரண்டு தடவை எடை போட்டோம், முதல் தடவை நான், இரண்டாம் தடவை அவள்.

என் கழனி ஏக்கருக்கு இருபத்தாறு. அதையும் எழுதிவிடுகிறேன், நீ துள்ளக் கூடாது. ஆனால் இந்த வருஷம் அதற்கு ஏக்கருக்கு ஐந்து மூட்டை யூரியா போனது. இது நீ கேட்காமலே எழுதுகிறேன்.

அந்த அறுபத்திரண்டு கிலோவில் ஒரு மணி கூடச் சாப்பிட விடவில்லை. எல்லாம் விதைக்கு. கட்டி வைக்க நல்ல கோணி தேடினால் என்னிடம் இருப்பதெல்லாம் உரக் கோணி. கடைசியில் அண்ணியின் பழைய புடவையில் இரண்டு மூட்டையாகக் கட்டி மாடியில் வைத்திருக்கிறேன். ஆடிக்கு நீ வந்துதான் அவிழ்க்க வேண்டும். நான் தொட மாட்டேன், என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. உன் வடக்கு ஓரத்தை ஒட்டி என் பக்கத்தில் இருபது சென்ட் இருக்கிறதே, அறுப்பு முடிந்ததும் அதில் தக்கைப்பூண்டு தெளித்தேன். நேற்றைக்கு முளைத்துவிட்டது. கடையில் யாருக்கும் சொல்லவில்லை. கடைக்கு வருகிற ஆபிரகாம் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான், "இன்னா மோகன், அந்த மூலைல மட்டும் இன்னாமோ மொளச்சிகினு கீது, இன்னாத்துக்கு?"

நண்டுக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஆடிக்கு வா.
அண்ணன்,
மோகன்